அம்மாவின் பயணம் திண்ணையில் தொடங்குகிறது: வெளிநாட்டில் இருக்கும் டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி, தங்கச்சிகளுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் பதினெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். உங்கள் அப்பா அம்மாவைத் திருச்சிக்கும் சென்னைக்கும் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிடுவதில்தான் என் பிழைப்பில் பாதி ஓடுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டிக்கெட் போடும்போது நீங்கள் பறக்கிற நேரத்தை மட்டும் பார்க்கிறீர்கள். சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், நேர் விமானத்தில் ஏறத்தாழ 11 மணி நேரம். சரி. ஆனால் விமானம் விடிகாலை ஐந்தரைக்கு என்றால், முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கே நான் வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். ரோட்டில் ஆறேழு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், அங்கே இறங்கி உங்கள் வீடு போக இன்னும் இரண்டு. அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது.

டிக்கெட்டில் இருக்கும் மணிக்கணக்கும் ஏமாற்றும். காலை ஐந்தரைக்கு ஏறி, பகல் பன்னிரண்டுக்கு லண்டனில் இறங்குவதாகப் போட்டிருக்கும். ஆறரை மணி நேரம்தானே என்று அப்பா நினைத்துக்கொள்கிறார். கோடையில் லண்டன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர்தான், நாலு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அந்த டிக்கெட்டிலும் ஆறரை மணி நேரம்தான் தெரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்றா?

போன வருஷம் நீடாமங்கலம் பக்கம் ஒரு பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோது தண்ணீர்கூடத் தொடவில்லை. "குடிச்சா போகணும்ல தம்பி" என்றார். மஞ்சப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். 'காலை', 'ராத்திரி' என்று பேனாவால் எழுதியிருந்தது. "அங்க ராத்திரி எப்ப வரும் தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விலை குறைவென்று மகன் இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தார். முதல் விமானம் தாமதம், அடுத்தது போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. மொழி தெரியாத ஊரில், வீங்கிய காலோடு, ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் நாள்கணக்கில் போனார்கள்தான். ஆனால் பினாங்கில் இறங்கும்வரை ஒரே கப்பல்.

முடிந்தவரை நேர் விமானம் போடுங்கள். மாறித்தான் போக வேண்டும் என்றால் எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், நடுவில் மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். நன்றாக நடக்கிற அம்மாவாக இருந்தாலும் வீல்சேர் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரிய விமான நிலையத்தில் நடை அவ்வளவு இருக்கிறது. அப்புறம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டு, நம் ஊர் நேரத்திலேயே தமிழில் எழுதி அனுப்புங்கள். அவர் கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டார். வழியில் நான் இரண்டு தடவை படித்துக் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி கார்க்காரர்