தோல் கைவினைக் கூடம்: பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆம்பூரில் நம் பள்ளியின் தோல் கைவினைக் கூடம் முடிந்து, சனிக்கிழமை மதியங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பூ வேலை (தோலில் கோடு கீறி, சிறு உலோக அச்சுகளை அடித்து உருவம் பதிப்பது) பழகத் தொடங்கிவிட்டார்கள். ஓடு மாற்றியது, வெள்ளையடித்தது, ஒயரிங் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

இனி எல்லோரும் கேட்கும் விஷயம். "ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? திண்டுக்கல் வரைக்கும் போய் அதிக விலைக்கு ஏன் வாங்கினீர்கள்?"

பஞ்சமில்லைதான். ஆனால் இங்கே புழங்குவது பெரும்பாலும் ஷூவுக்குப் போகும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று வளையும், அச்சு வைத்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் பள்ளம் எழும்பிவிடும். பூ வேலைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல்தான் சரி. ஈர ஸ்பாஞ்சால் நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை பொறுத்து, கத்தியால் கோடு கீறி அச்சை அடித்தால், காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும்.

முதல் ஆர்டர் குறைந்த விலை சொன்ன உள்ளூர்க்காரருக்குத்தான் போனது. ‘பட்டைத் தோல், 3 மி.மீ. தடிமன்’ என்று எழுதியே கொடுத்தோம். வந்தது பழுப்புச் சாயம் ஏற்றிய சரக்கு. தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஓரத்தை வெட்டிக் காட்டினார்: நடுவில் நீலச் சாம்பல் நிறம். குரோம். "எல்லாம் தோல்தானே சார்" என்றார் சப்ளையர். ஒரு துண்டைக் கொளுத்தி, குரோமுக்கு அடையாளமான பச்சை பாய்ந்த சாம்பலைக் காட்டிய பிறகும் அதே பேச்சு. சரக்கைத் திருப்பிவிட்டு, திண்டுக்கல்லில் பட்டைத் தோல் வாங்கினோம். உள்ளூர்க்காரரிடம் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. தோலுக்கு ஒதுக்கியது 45,000 ரூபாய், ஆனது 63,400. ஓட்டு வேலையில் மிஞ்சிய 7,000 போக, 11,400-ஐ செயற்குழுவினர் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். கமிஷன் அடித்தோம் என்று பேசியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

மரச் சுத்தி வாங்கியதற்கும் புகார். இரும்புச் சுத்தியால் அடித்தால் அச்சுகளின் தலை நசுங்கும், அச்சுகள்தான் விலை கூடியவை.

நன்கொடை: 1987 அணி மேசைகள், 1994 அணி அச்சுகளும் கத்திகளும், துபாய் நண்பர்கள் மின்விசிறிகள், 2003 அணி ஊசியும் மெழுகு நூலும். அடியில் வைத்து அடிக்கும் கருங்கல் துண்டுகள், சமையல் மேடைக்கு வெட்டியதில் மீந்தவை. கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்றார். ஷூ கம்பெனியில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் மூட்டை மூட்டையாக வெட்டுத் துண்டுகள் அனுப்பினார். குரோம்தான், ஆனாலும் இரட்டை ஊசித் தையல் பழக அது போதும்.

பெண் பிள்ளைகள் கையில் போடும் மருதாணி டிசைனையே சாவிக்கொத்தில் கீறுகிறார்கள். ஆசிரியர் கொடுத்த ரோஜா மாதிரியை யாரும் சீண்டவில்லை.

ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, ஞாயிறு காலை வந்தால் பார்க்கலாம். மீதி முன்பணத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அது வந்ததும் கையிலிருந்து போட்டவர்களுக்குத் திருப்பித் தரப்படும்.

செயற்குழு