யார் சம்பளத்தில் கழிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதழில் குறைந்தபட்சக் கூலி பற்றி வந்த கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பஸ் இலவசம், அரிசி இலவசம், மாதம் 2,000 ரூபாய் ரொக்கம், இவ்வளவும் வாங்குகிற குடும்பங்களுக்குச் சம்பளத்தையும் ஏற்றித் தரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று அதில் கேட்டிருந்தார்கள். எழுதியவர் பெரிய படிப்பு படித்தவர் என்று கீழே போட்டிருந்தது. நான் எட்டாவது. பெங்களூருவில் சட்டை தைக்கும் கார்மெண்ட்ஸில் 24 வருஷம், முதலில் டெய்லர், பிறகு தைத்ததைச் சரிபார்க்கும் செக்கர். மற்ற கணக்கெல்லாம் எனக்கு வராது, கழித்தல் மட்டும் நன்றாக வரும். மாதா மாதம் சம்பளச் சீட்டில் பார்த்துப் பழகியது.

அதனால் கேட்கிறேன். எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி நான். குடும்பத் தலைவிக்குக் கர்நாடக அரசு கொடுக்கும் கிருஹலட்சுமி 2,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. ஒசூர் ரோட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து சட்டைக்குக் காலர் வைப்பவள் என் மருமகள். இதில் யார் சம்பளத்தில் எதைக் கழிப்பது? மாமியாருக்குப் பணம் வருகிறது என்று மருமகளுக்குக் கூலியைக் குறைப்பதா? நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால் முதலாளி அந்த 2,000-ஐ அவளுக்கு ஏற்றித் தருவாரா?

அவளுக்குப் பக்கத்து மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி. வயது இருபது இருக்கும். ஹாஸ்டலில் ஒரு அறையில் எட்டுப் பேர். ஆதாரில் ஊர் முகவரி இருப்பதால், பெண்களுக்கு பஸ் இலவசம் என்கிற சக்தி திட்டம் அவளுக்குக் கிடையாது, கண்டக்டரிடம் காசு கொடுத்துத்தான் டிக்கெட். கிருஹலட்சுமி கிடையாது, இந்த ஊர் ரேஷனும் கிடையாது. கட்டுரையாளர் சொல்கிறபடி பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு என் மருமகளைவிடச் சம்பளம் அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம்தான். பி.எஃப். (சேமநிதி), ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடித்தம் போகக் கையில் 12,000 சொச்சம்.

பஸ் இலவசம் பெரிய உதவி, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023 ஜூனில் அது வருவதற்கு முன் மாதப் பாஸுக்கு 1,050 ரூபாய் எடுத்து வைப்போம். அந்தப் பணம் மிச்சமானது எங்கள் வீட்டு ஓனருக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அந்த வருஷமே வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏற்றிவிட்டார். ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு, குளியலறை நான்கு குடித்தனத்துக்கும் பொது.

கம்பெனிகள் எல்லாம் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த 1998-லேயே எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் இதைத்தான் சொல்வார். சத்தம் போட்டால் மெஷினை எல்லாம் லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்பார். ஓசூர் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். பாதிப் பேருக்குச் சொந்த ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம். கொண்டுபோங்கள் சார், அம்மா வீட்டிலிருந்தே வேலைக்கு வருகிறோம் என்று ஒருத்தி சொல்லிவிட்டு, அதற்காக மூன்று நாள் ஹெல்பர் வேலை பார்த்தாள்.

ஆசிரியர் அவர்களே, 2025 மார்ச் மாதம் எங்கள் சட்டசபையான விதான சௌதாவில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.எல்.ஏ. சம்பளம் 40,000-லிருந்து 80,000. முதலமைச்சருக்கு 75,000-லிருந்து ஒன்றரை லட்சம். சபையில் ஒரே அமளி, ஆனாலும் மசோதா நிறைவேறியது. எங்கள் மக்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ இலவசம் இருக்கிறது, இது வேண்டாம் என்று அங்கே ஒருவரும் எழுந்து சொன்னதாக நான் படிக்கவில்லை. அடுத்த மாதம், 2025 ஏப்ரலில், தொழிலாளர்களுக்கு ஒரு வரைவு வந்தது. பெங்களூருவில் பயிற்சி தேவைப்படாத வேலைக்கே மாதம் 23,376 ரூபாய். வரைவுதான், கவனியுங்கள். அதற்கே முதலாளிகள் சங்கத்துக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. உங்கள் கட்டுரையும் வந்துவிட்டது.

அந்தத் தொகை ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. 1957-ல் டில்லியில் நடந்த தொழிலாளர் மாநாட்டில் போட்ட அளவுகோல் ஒன்று உண்டு. யூனியன் கூட்டத்தில் ஒரு அம்மா போர்டில் எழுதிக் காட்டினார். புருஷனுக்கு 1, பெண்டாட்டிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஆக மொத்தம் மூன்று வயிறு. பெண்டாட்டியின் வயிறு முக்காலுக்குச் சற்று மேல் என்று அன்றைக்கே தீர்மானித்திருக்கிறார்கள். பெற்ற தாய் தகப்பனுக்கு வயிறே இல்லை. அந்தக் கணக்கில் நான் இல்லவே இல்லை. துணி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம். எங்கள் லைனில் அரை மணி நேரத்தில் அதைவிட அதிகமான துணி என் கைக்கு அடியில் போகும். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம் இதற்கெல்லாம் இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1957-இல் எழுதியதை 2025-இல் கூட்டிப் பார்த்து வரைவாகப் போட்டால், அது பேராசையாம்.

வரைவு என்றதும் எனக்கு 2018 ஞாபகம் வருகிறது. பிப்ரவரியில் கார்மெண்ட்ஸுக்குக் கூலி ஏற்றி அறிவிப்பு வந்தது. சாப்பாட்டு மணியில் நாங்கள் கடலைமிட்டாய் வாங்கித் தின்றோம். மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025-ல் இருந்த அதே சித்தராமையா அவர்கள்தான் அப்போதும் முதல்வர். 2020-ல் எடியூரப்பா அவர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்சிக்காரி என்பீர்கள். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் டி.ஏ., அதாவது விலைவாசிக்கு ஏற்பக் கொடுக்கும் பஞ்சப்படி, மாதம் 417 ரூபாய் 60 காசு ஏற வேண்டும். ஜூலையில் அரசு அதை ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைத்தது. செப்டம்பரில் ஹைகோர்ட் அந்த உத்தரவை நிறுத்தியது. ஆனாலும் எங்கள் கம்பெனி மாதிரி எத்தனையோ கம்பெனிகள் கொடுக்கவில்லை. விஷயம் லட்சக்கணக்கான பேருடையது. வருகை, சம்பளக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸில் நான் போய்க் கேட்டேன். சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பையன், என் மகன் வயதுதான், "அறுபது காசை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?" என்று சிரித்தான். 417-ஐ விட்டுவிட்டான் பாருங்கள். ஒரு நாளைக்கு 16 ரூபாய். லாக்டவுனில் என் புருஷன் காலமான பிறகு வந்த இரண்டு மாதத்தில் வீட்டில் 16 ரூபாய்க்கு என்ன மதிப்பு என்று எனக்குத்தான் தெரியும். பாக்கி 2022-ல் வந்தது, இரண்டு தவணையாக. நான் வேலையை விட்டதும் அதே வருஷம், 55 வயதில்.

வயதைச் சொன்னதும் இன்னொன்று. 2016 பிப்ரவரியில் பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயதுக்கு முன்பு எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டதே, நினைவிருக்கிறதா? 58 வயது வரை கார்மெண்ட்ஸில் உட்கார்ந்த பெண் ஒருத்தியை எனக்கு யாராவது காட்டட்டும். முதுகு போய்விடும், முதுகு தாக்குப் பிடித்தால் கண் போய்விடும். ஏப்ரலில், யாரும் கூப்பிடவில்லை, எந்தத் தலைவரும் இல்லை, நாங்கள் பாட்டுக்கு மெஷினை விட்டு எழுந்து ஒசூர் ரோட்டில் உட்கார்ந்தோம். பொம்மனஹள்ளியில் ரோடு முழுக்கப் பெண்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அரசு உத்தரவை வாபஸ் வாங்கியது. மறுநாள் ஆசையாக உங்கள் பேப்பரை வாங்கினேன். 'போக்குவரத்து ஸ்தம்பிப்பு, ஐ.டி. ஊழியர்கள் அவதி' என்று போட்டிருந்தது. ஆபீஸுக்குத் தாமதமான ஒரு தம்பியின் போட்டோவும் இருந்தது. அந்தப் பேப்பரை ரொம்ப நாள் அலமாரித் தட்டில் விரித்து வைத்திருந்தேன். கோபத்தில் இல்லை, அலமாரிக்கு ஏதாவது விரிக்க வேண்டுமே.

2025-ல்தான் எனக்கு 58 ஆனது.

கட்டுரை எழுதியவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வரட்டும், காபி போட்டுத் தருகிறேன், ரேஷனில் கிடைக்கும் அன்னபாக்ய அரிசியில் சோறும் போடுகிறேன். அது இலவசம்தான், அவருக்குத் தொண்டையில் சிக்காமல் இருந்தால் சரி.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு உதவி. கூலி எவ்வளவு, டி.ஏ. எவ்வளவு என்று கம்பெனியில் கேட்டுக்கு உள்ளே ஒரு தாள் ஒட்டுவார்கள். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். கன்னடம் பேசுவேன், படிக்க வராது. என்னைப் போல நிறையப் பேர். நின்று படிக்கவும் விட மாட்டார்கள், பஞ்ச் அடித்ததும் உள்ளே ஓட வேண்டும். உங்கள் பேப்பரில் தினமும் இரண்டாம் பக்கத்தில் தங்கம் விலை போடுகிறீர்கள். நாங்கள் யாரும் தங்கம் வாங்குவதில்லை, இருந்தாலும் பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு நாள், புது டி.ஏ. அமலுக்கு வரும் ஏப்ரல் மாதத்தில், அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பெங்களூருவில் டெய்லருக்கு இவ்வளவு, செக்கருக்கு இவ்வளவு, ஹெல்பருக்கு இவ்வளவு என்று தமிழில் போடுங்கள். நான்கு வரி போதும். வெட்டி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு போவாள் மருமகள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கார்மெண்ட்ஸ் செக்கர்,
பொம்மனஹள்ளி, பெங்களூரு.

பி.கு.: கடிதம் நீளம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த 60 காசை மட்டும் விட்டுவிடாதீர்கள்.