10.8

ஞாயிறு காலை

அன்புள்ள பெண்டுலம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் அன்றைக்கே பதில் போட்டிருக்கலாம். நீ பேனா பிடித்து நான்கு பக்கம் எழுதியிருக்கும்போது பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்ப மனசு வரவில்லை. இன்றைக்குத்தான் விடைத்தாள் கட்டு எதுவும் வீட்டில் இல்லாத ஞாயிறு.

வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பி.எஸ்சி. முடித்த அன்று "இனி எண்களைக் கண்ணால் பார்க்க மாட்டேன்" என்று சொன்னவள் நீ. அப்புறம் முப்பத்துச் சொச்சம் வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணினாய்.

"இப்போதும் கணிதம் படிக்கப் பிள்ளைகள் வருகிறார்களா?" என்று கேட்டிருந்தாய். வருகிறார்கள். முதல் விருப்பமாக எழுதி வருகிறவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்கள், பொறியியல் கட்டணம் கட்ட முடியாதவர்கள், "மேத்ஸ் படிச்சா டீச்சர் ஆகலாம்" என்று யாரோ மாமா சொல்லி வந்தவர்கள். பெண்கள்தான் அதிகம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மதியம் கேண்டீனில் சாப்பிடுகிறவர்கள் கூடியிருப்பது கண்ணில் படுகிறது. நம் காலத்தில் தண்ணீர்க் குழாயடியில் வயிற்றை நிரப்பிக்கொண்டு நின்றவர்களை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

ஆசிரியர்கள் கதையைக் கேட்காதே. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரப்போகிறது என்று ஆறு மாதமாகத் துறையே கோப்பாக மாறிக் கிடக்கிறது. மொத்தம் ஏழு அளவுகோல். ஒவ்வொன்றுக்கும் தனி அலமாரி, தனி நிற அட்டை. எதைச் செய்தாலும் இடமும் நேரமும் பதிந்த போட்டோ வேண்டும். போன வாரம் எங்கள் வகுப்பறையில் ஒட்டடை அடித்ததற்குக்கூட அப்படி ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறோம். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். நெட், செட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவர்கள். அந்தப் பெயரில் இருக்கும் கௌரவம் சம்பளத்தில் இல்லை. இதைப் பற்றிப் பேசினால் கடிதம் முழுக்க அதுவே ஆகிவிடும்.

டிசம்பர் 22 தேசியக் கணித நாளை விமரிசையாகக் கொண்டாடினோம். கணிதக் கோலம், வினாடி வினா, மேடையில் வழக்கம்போல் ராமானுஜனின் 1729. சிறப்பு விருந்தினர் ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததையும், அப்புறம் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றதையும் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருத்தி, "அப்போ ராமானுஜனுக்கே அரியர் இருந்திருக்குடி" என்றாள். பாதி அரங்கம் சிரித்தது. எனக்கு அதற்குப் பிறகு பேச்சு காதில் ஏறவில்லை. இன்றைக்குப் படித்திருந்தால் அந்த மனிதர் ஆங்கில அரியரோடு அடுத்த வருஷத்துக்கு வந்திருப்பார். ஆனால் அசைன்மென்ட் வைக்காததற்கு இன்டர்னல் மதிப்பெண்ணில் நானே கை வைத்திருப்பேன்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வருஷத்துக்கு மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) எடுக்கிறேன். தொடர்ச்சியான சார்புகளின் வரிசை ஒன்று சீராக (யூனிஃபார்மாக) ஒருங்கினால் அதன் எல்லையும் தொடர்ச்சியானது, எங்கும் அறுபடாது என்று ஒரு தேற்றம். எப்சிலானை மூன்றாக உடைத்துப் போடுவோமே, அதுதான். இன்டர்னல் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் நிரூபணம் ஒன்றுபோல் இருந்தது. நான் கரும்பலகையில் போட்ட அடித்தல் திருத்தம் வரைக்கும் அப்படியே. படித்து ஒப்பித்தவர்கள்.

ஒரு தாளில் மட்டும் 'சீராக' என்பதே இல்லாமல் நிரூபணம் ஓடியது. இரண்டு மதிப்பெண் போட்டுத் தள்ளப் போனேன். கீழே தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தது: "மேம், இந்த நிரூபணத்தில் எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஆனால் xⁿக்கு இது பொய்யாகிறது." பக்கத்தில் சின்னதாக வரைபடம். x ஒன்றுக்கு முன்வரை எல்லை சுழியம், ஒன்றில் மட்டும் ஒன்று. கோடு அறுந்துவிடுகிறது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதே தவற்றை 1821இல் பிரெஞ்சுக் கணித மேதை கோஷியே அச்சில் போட்டார். 1826இல் நார்வேக்காரர் ஆபெல் வந்து, இந்தத் தேற்றத்துக்கு விதிவிலக்கு இருக்கிறது என்று காட்டினார். எங்கள் பெண் கோஷியாகத் தவறு செய்து, அதே தாளில் ஆபெலாக ஆட்சேபமும் எழுதியிருக்கிறாள்.

ஏழு போட்டேன். தேநீர் வேளையில் எங்கள் கௌரவ விரிவுரையாளர் தம்பி சண்டைக்கு வந்தார். "மேடம், விடைக்குறிப்புப்படி இது ரெண்டு. நீங்க ஏழு போட்டுப் பழக்கினா, யுனிவர்சிட்டி தேர்வுல இப்படி எழுதி வச்சு ஃபெயில் ஆகும். அங்க யார் படிப்பாங்க இந்த ரெண்டு வரிய?" அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை. ஏழை மட்டும் மாற்றவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தப்பு எங்கே என்று சொல்லவில்லை. xⁿ பத்தில் ஒன்றுக்குக் கீழே வர எத்தனையாவது அடுக்கு, அதாவது எந்த N, வேண்டும் என்று போனிலேயே கணக்குப் போடச் சொன்னேன். x 0.9 என்றால் 22. 0.99 என்றால் 230. 0.999க்கு 2,302. மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு N வேணும் மேம். நான் எல்லாருக்கும் ஒண்ணே போதும்னு எழுதிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாருக்கும் ஒரே N... அதுக்குத்தான் யூனிஃபார்மா?" என்றாள். ஒரு மாதமாக அந்தச் சொல்லைப் பள்ளிச் சீருடையோடு சேர்த்து நினைத்திருக்கிறாள்! யோசித்துப் பார்த்தால் அதுவும் தப்பில்லை.

அன்றைக்குத்தான் உன் நினைப்பு வந்தது. முதல் வருஷம், துணைப்பாட இயற்பியல் ஆய்வகம், காம்பவுண்ட் பெண்டுலம், அதுதான் அந்த ஆடும் இரும்புச் சட்டம். வகுப்பு மொத்தத்துக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வந்தது, உனக்கு மட்டும் 10.8. ரெக்கார்டில் சிவப்பு மையில் 'ரிப்பீட்' விழுந்தது. உனக்கு இந்தப் பெயரும் விழுந்தது. அழுதுகொண்டே மறுபடி செய்தாய். ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் பக்கத்தில் நின்று கவனித்துவிட்டு, "பாப்பா, நீ முதல் ஆட்டத்தையே ஒண்ணுன்னு எண்ணி வாட்ச்சை அமுக்குற. ஜீரோன்னு சொல்லித் தொடங்கு" என்றார். இருபது என்று நீ நிறுத்தியபோது பெண்டுலம் ஆடியிருந்தது பத்தொன்பதுதான். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து, வர்க்கப்படுத்தி, அதால் 9.78ஐப் பெருக்கிப் பார், சரியாக 10.8 ஆகிறது. உன் தவறு அவ்வளவு துல்லியமானது.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நான் அன்றைக்கு எதையும் எண்ணவே இல்லை. 9.8இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நம்பும்படி அங்கங்கே ஒரு புள்ளி இரண்டு புள்ளி தள்ளி, அட்டவணையை நிரப்பினேன். பக்கத்து மேஜைக்கும் நான்தான் கொடுத்தேன். எனக்கு 'குட்' போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் அட்சரேகைக்கு உண்மையான மதிப்பு 9.78. நான் எழுதியிருந்தது 9.80. யாரும் கேட்கவில்லை. உன் 10.8ஐப் பார்த்து என்ன நடந்தது என்று அந்த அண்ணனால் கண்டுபிடிக்க முடிந்தது. என் அட்டவணையிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இப்போதும் கீழ்த்தளத்தில் அதே 9.8தான் வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் இயற்பியல் துறைத் தோழி புலம்பினாள். நான் பேச்சை மாற்றினேன்.

அந்தப் பெண் எம்.எஸ்சி. போகலாமா என்று கேட்கிறாள். ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் நுழைவுத்தேர்வு இருக்கிறது, சென்னையில் கணித அறிவியல் கழகம் இருக்கிறது, கோடையில் எம்.டி.டி.எஸ். கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டாள். அப்புறம் "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா மேம்?" என்றாள். எங்கள் தம்பி எதிர் மேஜையில் வருகைப் பதிவேட்டை நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல விண்ணப்பத்தைப் போடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மே மாதம் எனக்கு ஓய்வு. அதற்கு முன் ஒருமுறை வந்துவிட்டுப் போ. பிப்ரவரி 28 அறிவியல் நாள், ஆய்வகத்தைப் பொதுவில் திறந்து வைப்பார்கள். அந்த இரும்புச் சட்டம் இன்னும் அதே சுவரில்தான் தொங்குகிறது. உன் ரெக்கார்டு நோட்டு பரணில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாயே, எடுத்து வா. 10.8 பக்கத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். என் நோட்டைத் தேட வேண்டாம், கல்யாணத்துக்கு முன்பே எடைக்குப் போட்டுவிட்டேன்.

பேரனுக்கு என் முத்தம். அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்,
9.80