அம்மாவுக்காக மணியை நிறுத்தியவர்களுக்கு

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா போன வியாழக்கிழமை மதுரைக்குத் திரும்பிவிட்டாள். இங்கிலாந்தில் விசிட்டர் விசாவில் ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. விமான நிலையத்தில் கடைசியாகச் சொன்னது, "எல்லாருக்கும் ஒரு லெட்டர் போட்டுடு. தமிழ்லயும் எழுது, நான் படிச்சுப் பாக்கணும்" என்பதுதான். ஆங்கிலத்தில் எழுதியதைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பாரிஷ் கவுன்சில் (நம் ஊராட்சி மாதிரி) அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. இது அம்மாவுக்காக. அப்புறம், "சாமர்செட்டா? அது எங்கே இருக்கு? அந்தப் பட்டிக்காட்டுல அவங்க ஒத்தையில என்னதான் பண்ணுவாங்க?" என்று வாரம் தவறாமல் போனில் கேட்ட சொந்தக்காரர்களுக்காகவும்.

முதல் நன்றி சர்ச்சில் மணி அடிப்பவர்களுக்கு. அவர்களுக்கு மன்னிப்பும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. நான் வேலையாக பிரிஸ்டல் போயிருந்தேன். அம்மா இரண்டரை மணிக்கு வயல் பக்கம் நடக்கக் கிளம்பியிருக்கிறாள். இங்கே அடுத்தவர் நிலத்துக்கு நடுவிலேயே பொது நடைபாதை போகும். கட்டையில் மஞ்சள் அம்புக்குறி அடித்திருந்தால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வந்த புதிதில் அம்மா இதை நம்பவே இல்லை. "அடுத்தவன் வயல்ல கால வெச்சா சும்மா விடுவானா?" என்பாள். நம்பிய பிறகு வீடு தங்கவே இல்லை. அன்றைக்கு அவள் மறந்தது ஒன்றே ஒன்று: டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

இருட்டில் அம்புக்குறி எங்கே தெரியும்? எந்த வேலியைத் தாண்டினாள், எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டிருக்கிறது. மணி அடித்தால் கோயில் இருக்கும், கோயில் இருந்தால் ஊர் இருக்கும் என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சேற்றில் நடந்து வந்து, சர்ச் கோபுரத்தின் கதவைத் தள்ளியிருக்கிறாள்.

உள்ளே ஆறு பேர் வட்டமாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் சர்ச் மணியில் பெரும்பாலும் பாட்டு வாசிப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாறிக்கொண்டே போகும். ஆறு மணிகள் என்றால் 720 வரிசை உண்டு. எல்லாம் மனப்பாடம்தான், எதிரில் தாள் கிடையாது. அன்றைக்கு நடந்தது குவார்ட்டர் பீல். 1,260 மாற்றம், முக்கால் மணி நேரம், மூச்சு விடாமல். நடுவில் நின்றால் அதுவரை அடித்தது கணக்கிலேயே வராது. அரை மணி நேரம் தாண்டியிருந்தார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அதுதான் முதல் குவார்ட்டர் பீலாக இருந்திருக்கும்.

கதவோரம் சேறும் ஈரமுமான சேலையோடு ஒரு அம்மா நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த தலைவர், யோசிக்கவே இல்லையாம். "ஸ்டாண்ட்!" என்று குரல் கொடுத்துவிட்டார். அடிப்பதை முடியுங்கள் என்று அர்த்தம். மணிகள் வாய் மேலே பார்க்க நின்றுவிடும், கயிறுகள் ஓய்ந்துவிடும். அம்மா படித்த ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில் அந்தச் சொல் இருந்தது. "நிக்கச் சொன்னாங்க, நின்னேன்" என்கிறாள் இன்றைக்கும். நாற்காலி கொண்டுவந்து போட்ட பிறகும் உட்காராமல் நின்றாளாம். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்பது அவர்களுக்குத் தெரியாது, அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயம் எனக்கே போன வாரம்தான் தெரியும்.

அதற்குள் ஊரே கிளம்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் முதலில் கவனித்தவர். நாலு மணிக்குச் சமையலறை விளக்கு எரிய வேண்டுமே, எரியவில்லையே என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் டார்ச்சோடு ஆற்றங்கரைப் பக்கம் போனார்கள். பால்பண்ணைக்காரர் குவாட் பைக்கில் நாலு வயல் சுற்றினார். ரயிலில் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்த நான் இறங்கிப் போனைப் பார்த்தால் நாற்பது செய்தி. முதல் முப்பத்தொன்பதைப் படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாற்பதாவதில் கம்பளி போர்த்திய அம்மாவின் படம். யார் வீட்டு அம்மா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஊரில் சேலை கட்டுகிற ஒரே ஆள் அவள்தானே.

மணி அடிப்பவர்களுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்கு மேலான உழைப்புக்கு முறுக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களே முறை போட்டுச் சம்பளம் இல்லாமல் நடத்தும் கடையில், செவ்வாய்க்கிழமை காலையில் நிற்கும் அக்காவுக்கு நன்றி. அரை லிட்டர் பால் வாங்கப் போன அம்மா ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படி என்னதான் பேசினார்கள் என்பது இன்றுவரை புரியவில்லை. இப்போது அந்தக் கடையில் கொத்தமல்லித் தழை கிடைக்கிறது.

விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் பெண்களுக்கும் நன்றி. கனடாவில் 1897-ல் பிறந்து, 1915-ல் வேல்ஸ் வழியாக இந்த நாட்டுக்கு வந்த சங்கம் அது. சங்கக் கூட்டம் என்றால் ஜாமும் கேக்கும்தான் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் ஒயர் கூடையைப் பார்த்துவிட்டு, வந்து சொல்லிக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து ஒயர் கட்டு பார்சலில் வந்தது. ஊர் மண்டபத்தில் பதினாலு பேர் நெல்லிக்காய் முடிச்சு போடக் கற்றுக்கொண்டார்கள். சிவன் கண் முடிச்சு மூன்று பேருக்குத்தான் பிடிபட்டது. அம்மா வாத்தியாராக இருந்தால் கண்டிப்பு அதிகம், மூன்று பேரைப் பிரிக்கச் சொல்லி மறுபடி போட வைத்தாள். கோபித்துக்கொள்ளாததற்குத் தனி நன்றி.

ஜனவரி 17 ராத்திரி ஆப்பிள் தோப்புக்குக் கூட்டிப் போனவர்களை எப்படி விடுவது? வாசெய்ல் என்று பெயர். ஆப்பிள் மதுவில் நனைத்த ரொட்டியை மரக்கிளையில் வைத்து, வேரில் மதுவை ஊற்றி, பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டு, இந்த வருஷமும் நன்றாகக் காய்க்க வேண்டும் என்று மரத்திடம் கேட்கிற சடங்கு. பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, "பொங்கலோ பொங்கல்!" என்று அவள் போட்ட சத்தத்துக்குத் தோப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்த மரத்தடியில் எல்லோரும் அதையே கத்தினார்கள், அவரவர் உச்சரிப்பில்.

அம்மா கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர் பீலை மறுபடி அடித்தார்கள். இந்தத் தடவை முழுசாக. அந்தப் பெண்ணும் அடித்தாள். அம்மா கோபுரத்துக்குள் ஒரு மூலையில், சொல்லாமலே உட்கார்ந்துகொண்டு, இருமல்கூட வராமல் வாயில் முந்தானையை வைத்திருந்தாள். முடிந்ததும் எழுதிய குறிப்பில், இது அம்மாவை வழியனுப்ப அடித்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகல் மதுரைக்குப் போய்விட்டது.

கடைசியாக ஒரு விஷயம். அன்றைக்கு அம்மாவுக்குப் போர்த்திய பச்சைக் கட்டம் போட்ட கம்பளியைத் துவைத்துக் கடையில் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு சாம்பல் நிறக் கையுறை, இடது கை மட்டும். யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.