கேள்வித்தாளைத் திருத்துவதற்கு முன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலந்தானே அம்மா? கொரோனா ஊரடங்கைப் பற்றிப் போனில் எடுக்கப்போகும் கருத்துக்கணிப்புக்காக நீ அனுப்பிய கேள்வித்தாளை இரண்டு தடவை படித்தேன். நிறைய உழைத்திருக்கிறாய். ஆனால் முதல் கேள்வியே எனக்கு இடிக்கிறது. "கொரோனா ஊரடங்கை நீங்கள் ஆதரித்தீர்களா?" என்று கேட்டிருக்கிறாய். எந்த ஊரடங்கை?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்து, நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது ஒன்று. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் மளிகைக்கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு இன்னொன்று. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுப்பகுதியிலும் ஒன்று. பிறகு 2021 மே 10, அதையே மே 24 முதல் இறுக்கியது. ஒவ்வொன்றிலும் மக்களுக்கு இருந்த பயம் வேறு, கையிருப்பு வேறு, கிடைத்த உதவி வேறு. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் போட்டால் வரும் பதிலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தேதி சொல்லிக் கேட்டாலும் யாருக்கும் நினைவிருக்காது. "டாஸ்மாக் கடை மூடியிருந்தபோது", "ஊருக்குப் போக இ-பாஸ் கேட்டபோது", "காய்கறி வண்டி தெருவுக்கு வந்தபோது" என்று கேள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் பக்கத்தில் "விதிகளை மீறியவர்கள் பொறுப்பற்றவர்கள் என நினைக்கிறீர்களா?" என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிடு. பதிலை நீயே வாயில் ஊட்டுகிறாய். 2020 ஏப்ரல் 25-ஐ எடுத்துக்கொள். நாலு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். நடுவில் இருந்தது அந்த ஒரு நாள்தான். கோயம்பேட்டிலும் மளிகைக்கடைகளிலும் கூட்டம் நெரிந்தது. அன்றாடக் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற வீட்டில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், வேறு என்ன செய்வார்கள்? கூட்டத்தை உண்டாக்கியது அந்த அறிவிப்பின் அவகாசம். கோயம்பேட்டில் பரவிய தொற்று அங்கே வேலை பார்த்தவர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரைக்கும் போனது. மே 5-ஆம் தேதி சந்தையையே மூட வேண்டிவந்தது. 2021 மே மாதம் இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டு, பஸ்ஸும் ஓட்டிவிட்டு, பிறகு இறுக்கினார்கள்; காய்கறியை வண்டியில் அனுப்பினார்கள். அப்போதும் கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் பூட்டிய பிறகு வெளியே வரவேண்டிய அவசியம் குறைந்தது.

அதனால் கருத்தைக் கேட்பதற்கு முன்னால் கையிருப்பைக் கேள். அறிவிப்பு வந்த அன்று வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருந்தது? கையில் எவ்வளவு பணம்? குழாயும் கழிப்பறையும் தனியா, பொதுவா? பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவரிடம் "வீட்டைவிட்டு வெளியே வந்தீர்களா" என்று கேட்பதற்கே அர்த்தமில்லை. இந்த மூன்றையும் வைத்துப் பிரித்துப் பார்த்தபிறகுதான் "ஆதரவு", "எதிர்ப்பு" என்ற சொற்களை நீ எழுதலாம்.

பயத்தையும் பிரித்துக் கேள். நோய்ப் பயம் வேறு, போலீஸ் பயம் வேறு. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லித்தான் போலீஸ் காவலில் அடைக்கப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள் இருவரும் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு ஒரு கடைக்காரர் நேரத்துக்கு ஷட்டரை இறக்கினார் என்றால், அதை ஊரடங்குக்கு ஆதரவு என்று நீ கணக்கில் சேர்க்கக் கூடாது. வாசலில் தகரம் அடித்ததும் அப்படித்தான். தொற்று வந்த வீட்டின் கேட்டுக்குக் குறுக்கே தகரத்தை நிறுத்திக் கட்டினார்கள். தெருவே நின்று பார்த்தது. அந்தத் தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் பலர். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் தொற்று வந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்வதற்குள் முதல் அலையே ஓய்ந்துகொண்டிருந்தது. "பரிசோதனைக்குப் போகாமல் இருந்ததுண்டா, ஏன்?" என்பதற்கு இந்தக் காரணத்தையும் ஒரு கட்டமாகப் போடு.

இப்போது முக்கியமான சிக்கல். "உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனீர்களா?" என்று நேரே கேட்டால் பாதிப்பேர் இல்லை என்பார்கள். கேட்பவர் அரசாங்க ஆள் என்று நினைப்பு; பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். இதற்குப் பட்டியல் முறை உண்டு. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரி. ஒரு பாதிக்கு நாலு வாக்கியம் படித்துக் காட்டி, "எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், எது எது என்று வேண்டாம்" என்று கேள். மறுபாதிக்கு அதே நாலோடு விசேஷத்துக்குப் போனதை ஐந்தாவதாகச் சேர். முதல் பாதியின் சராசரி 1.8, மற்றதின் சராசரி 2.1 என்றால், வித்தியாசம் 0.3. நூற்றுக்கு 30 பேர் போயிருக்கிறார்கள். யார் போனார் என்று உனக்கும் தெரியாது. அதனால்தான் உண்மையைச் சொல்வார்கள்.

இது கெட்டுப்போகிற இடம் இரண்டு. நாலு வாக்கியமும் எல்லாருக்கும் பொருந்துவதாக இருந்தால், ஐந்து என்று சொல்கிறவர் மாட்டிக்கொள்வார்; எனவே சுருக்கிச் சொல்வார். டிவியில் கொரோனா செய்தி பார்த்தேன் என்பதுபோல் எல்லாரும் செய்தது ஒன்று, விமானத்தில் போனேன் என்பதுபோல் அநேகமாக யாருமே செய்யாதது ஒன்று, கட்டாயம் இருக்கட்டும். இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. நீ திட்டமிட்டிருப்பது மொத்தம் 200 பேர். ஒரு பாதிக்கு 100 என்றால், அந்த 30 உண்மையில் 5-ஆகவும் இருக்கலாம், 55-ஆகவும் இருக்கலாம். ஒரு பாதிக்கு 1,000 பேர் கிடைத்தால் ஏறக்குறைய 22-க்கும் 38-க்கும் நடுவில் நிற்கும். அவ்வளவு பேருக்கு உன் கல்லூரி பணம் தராது என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடு, அரைகுறையாகச் செய்யாதே.

போனை எடுப்பது பெரும்பாலும் ஆண்கள். ரேஷன் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றது யார் என்று யோசி. அவர்களிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேள், பகல் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில்.

முதலில் ஒரு 25 பேரிடம் மட்டும் கேட்டுப் பார். எந்தக் கேள்விக்கு "என்ன கேட்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதைக் குறித்துவை. இன்னொன்று: மூன்றாம் பக்கத்தில் வயதை 18–30, 30–45 என்று போட்டிருக்கிறாய். முப்பது வயதுக்காரருக்கு எதில் டிக் அடிப்பாய்? திருத்தி அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா