பாப்பாவின் 2:13

மதுரை

அன்புள்ள மாப்ள,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று அத்தை போனில் சொன்னார்கள். டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்க மட்டும் செய். உன்னைப் பற்றித் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

என் பொண்ணு பாப்பாவின் காலேஜ் விஷயமாக நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லாரும் படித்தோம். அமெரிக்காவில் ஹார்வர்டு மாதிரி ஐவி லீக் கல்லூரிகளில் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வழி இருக்கிறது, அனுப்பி வை என்கிறாய். உன் தங்கச்சி பெட்டி கட்டாத குறைதான். நான் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, ராத்திரி கடையைப் பூட்டியபின் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன்.

முதலில் இங்கே உள்ள நிலவரம். பாப்பா இப்போது ப்ளஸ் டூ. 800 மீட்டரில் அவளுடைய நல்ல டைமிங் 2 நிமிடம் 13 விநாடி. அது ஒரு சின்ன ஓப்பன் மீட்டில் ஓடியது. ஸ்டேட் மீட்டில் கடைசி வளைவில் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, காலில் ஸ்பைக்ஸ் கிழித்து, நாலாவதாக வந்தாள். மெடலும் இல்லை, நேஷனல்ஸும் இல்லை. நம் ஊர்க் கணக்கில் அந்த நாலாம் இடம்தான் பேசும், 2:13 பேசாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்தப் போட்டி, எத்தனையாவது இடம் என்றுதான் பார்க்கிறார்கள். எவ்வளவு வேகம் என்று யாரும் கேட்பதில்லை.

இஞ்சினியரிங் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடம் இருக்கிறது, அதில் அவளுக்கு ஏதாவது கிடைக்கும். ஆனால் கிண்டி இஞ்சினியரிங் காலேஜ் கிடைக்குமா என்றால் நேஷனல் சர்டிபிகேட் வைத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தமிழ்நாடு முழுக்க 7 இடம், அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2024-25லிருந்து விளையாட்டுக்கென்று ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக 2 இடம் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலிலும் பெயர் வர வேண்டும், கடந்த 4 வருஷத்தில் தேசிய அளவில் ஒரு மெடலாவது இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது லேசா? காலை ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நிற்கிறவள் அந்த நேரத்துக்கு எந்தக் கோச்சிங் சென்டரில் உட்காருவாள்?

ரேஸ்கோர்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சிந்தெடிக் ட்ராக்கின் முதல் லேனில் நம் வயது ஆட்கள் மூன்று மூன்று பேராகக் கைகோத்து, சர்க்கரை அளவு பேசிக்கொண்டு நடக்கிறார்கள். பாப்பா கடைசி 200க்கு வரும்போது "ட்ராக்! ட்ராக்!" என்று கத்திக்கொண்டே வருகிறாள். போன வாரம் ஒரு பெரியவர் விலகாமல் திரும்பி நின்று, "பொம்பளப் பிள்ளைக்கு ஏம்மா இவ்வளவு சத்தம்" என்றார். அவள் நிற்காமல் இரண்டாம் லேனுக்கு மாறி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வாட்சை நிறுத்திப் பார்த்தால் அதற்கே ஒரு விநாடி போயிருக்கும் போலிருந்தது.

அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். அங்கே சர்டிபிகேட்டை யாரும் எடை போடுவதில்லை, கோச் டைமிங்கைத்தான் பார்க்கிறார். இந்தப் பிள்ளை வந்தால் தன் அணிக்குப் பாயிண்ட் வருமா என்பதுதான் அவர் கேள்வி. அந்த வகையில் நம் பாப்பாவுக்கு அது தோதான இடம்தான், அதில் நீ சொல்வது சரி. மாணவர் சேர்க்கையில் பாகுபாடு காட்டுகிறதென்று ஹார்வர்டு மேல் போட்ட வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்ததே, அதில் வெளியான கணக்கைப் பார்த்தேன். கோச் கேட்டு எடுத்த விளையாட்டுப் பிள்ளைகளில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடக் கிடையாது.

இதில் "கோச் கேட்டு" என்பதுதான் விஷயம் மாப்ள. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய். ஓடுகிற பிள்ளை என்பதற்காக யாரும் எடுப்பதில்லை. இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும் என்று கோச் அட்மிஷன் ஆபீஸில் போய்ச் சொன்னால்தான் எடுக்கிறார்கள். அப்படிச் சொல்ல ஆளில்லாவிட்டால் அவளுடைய 2:13 விண்ணப்பத்தில் ஒரு வரி, கோலப் போட்டிப் பரிசு மாதிரி. கல்லூரிகள் தங்கள் அணிப் பட்டியலையும் டைமிங்கையும் வலைத்தளத்தில் போடுகின்றன. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ சொல்லும் பெரிய பெயர்களில் இவள் பட்டியலின் வாலில்தான் வருவாள். வாலில் இருக்கிற பிள்ளைக்காக ஒரு கோச் தன்னிடம் இருக்கும் சில சிபாரிசுகளில் ஒன்றைச் செலவழிப்பாரா?

பணம் அங்கே தடையில்லை என்பது வேடிக்கை. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஹார்வர்டில் 2025-26லிருந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கீழ் வருமானம், அதிகம் சொத்தில்லை என்றால் எதுவுமே கட்ட வேண்டாமாம். என் கடை வரவைப் பார்த்தால் அவர்களே பஸ் செலவுக்குக் கொடுப்பார்கள். நுழைவதுதான் பாடு.

நம் சக்கிமங்கலம் ரேவதியை எடுத்துக்கொள். பாட்டி வளர்த்த பிள்ளை, செருப்பில்லாமல் ஓடிய பிள்ளை. கோச் கண்ணன் சார் பார்த்து, லேடி டோக் கல்லூரியில் பேசி, இலவசமாகச் சேர்த்து ஹாஸ்டலிலும் போட்டார். அப்புறம்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கலப்பு ரிலேயில் ஓடியது எல்லாம். அங்கேயும் அவளுக்காக ஒரு ஆள் போய்க் கேட்டிருக்கிறார், பார்.

ஆகவே நான் நினைப்பது இது. டெல்லி பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இடத்துக்கு ட்ரையல்ஸும் சர்டிபிகேட்டும் சேர்த்து 75 பங்கு, க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு மார்க் 25 பங்கு. ட்ரையல்ஸ் என்றால் கண்ணெதிரே ஓடிக் காட்டலாம், இவளுக்கு அது போதும். அதை முதலில் வைத்திருக்கிறேன். கலந்தாய்வு பின்னால் இருக்கட்டும். உன் தங்கச்சிக்கு டெல்லிக் குளிர்தான் கவலை. நீ இருக்கும் நியூஜெர்சியில் என்ன வெயிலா அடிக்கிறது என்று கேட்டேன், பதிலில்லை.

அமெரிக்காவை விட்டுவிடவில்லை. உன் மகன் நீந்துகிற கல்லூரி மாதிரி, கல்லூரி விளையாட்டில் மூன்றாம் அடுக்கான மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் நாலைந்துக்கு பாப்பாவே எழுதட்டும். அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் நல்ல படிப்பு, 2:13க்கு மதிப்பும் இருக்கும். "நீ விண்ணப்பித்தால் சந்தோஷம்" என்று கோச் எழுதினால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்று உன் மகன் சொன்னானாமே. மார்க் ஷீட்டை வாங்கி அட்மிஷன் ஆபீஸில் முன்கூட்டிக் காட்டுகிறேன் என்று எவர் சொல்கிறாரோ அவர் பின்னால் போவோம். யாரும் சொல்லவில்லையென்றால் விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். மீட்டுக்கு லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகன் தன் கோச்சுக்கு முதலில் எழுதிய மெயில் இருந்தால் பாப்பாவுக்கு அனுப்பச் சொல். ஓடுகிற வீடியோ எத்தனை நிமிஷம் இருக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்றும் கேட்டு எழுது. செல்லூர் வீட்டுக்குத் தண்ணி வரி கட்டிவிட்டேன், ரசீது அத்தையிடம் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் இந்த மாசமும் வாடகையை இழுக்கிறார். நீயே ஒரு போன் போடு, நான் கேட்டால் தலைவலி என்கிறார்.

அன்புடன்,
உன் மாப்ள