கேபிளைத் துண்டிக்கும் முன் ஒரு கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம். கேபிள் இணைப்பை விட்டு, இணையம் வழியாகப் படம், தொடர் பார்க்கும் ஓடிடிக்கு மாறினால் செலவு குறையும் என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிதான் உண்மை. இணையச் செலவை அது கணக்கில் சேர்க்கவே இல்லை. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, அப்படியானால் தினமும் நான்கு மணி நேரம் டிவி ஓடுகிற வீட்டுக்கு மாதம் 360 ஜிபி வரை வேண்டும், குறைந்த டேட்டா வரம்புள்ள இணைப்பு இதைத் தாங்காது.

நாங்கள் கேபிளை நிறுத்தி ஓராண்டாகிறது. விளையாட்டுக்கு ஒன்று, தொடர்களுக்கு ஒன்று என்று ஆரம்பித்து நான்கு சந்தாக்கள் சேர்ந்து பழைய கட்டணத்தையே தாண்டிவிட்டன, அதில் இரண்டை மாதக்கணக்கில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, பணம் மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் ஒரு நேரத்தில் ஒரே சந்தா என்று வைத்துக்கொண்டோம். பார்த்து முடித்ததும் ரத்து, அடுத்த மாதம் வேறொன்று. இப்போது உண்மையிலேயே மிச்சமாகிறது. மாற நினைப்பவர்கள் சந்தா எடுக்கும் அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். தாங்களும் அடுத்த முறை இணையக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கு போட்டுக் காட்டுங்கள்.